செரியோவின் காடிப் புட்டி

என் தம்பி கிளிசேரியோ கபோகியன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள் குடித்ததில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரித்தான் சொல்வார்கள். அவன் மனைவி சபினா உயிரோடு இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை. போன மழைக்காலத்தில் அவளையும் அடக்கம் செய்தாயிற்று. இனி நடந்ததை நடந்தபடி சொல்வதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

சமார் தீவின் கிழக்குக் கரையில் ஓர் ஆண்பிள்ளை கள் குடிக்க மாட்டேன் என்று சொல்வது, சோறு தின்ன மாட்டேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம்தான் குறைவு. இங்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் கள், செத்தால் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கள். அப்படிப்பட்ட ஊரில், வாந்திபேதி வந்து வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த காலத்தில், எங்கள் தாத்தா ஊர்ப் புனிதரான சான் பெத்ரோவின் முன்னால் முழங்காலிட்டு, தன் குடும்பத்து ஆண்களின் உதட்டில் இனிக் கள் படாது என்று நேர்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை.

அதற்காக ஊர் எங்களுக்குக் கொடுத்த மரியாதைதான் முன்துடுப்பு. ஜூன் கடைசியில், திருவிழா அன்று, புனிதரின் சுரூபத்தைப் படகில் ஏற்றி விரிகுடாவைச் சுற்றி வருவோம். அந்தப் படகின் முனையில் உட்கார்ந்து துடுப்புப் போடும் உரிமை கபோகியன் ஆண்களுக்கு மட்டும். தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் நான், என் தோள் விழுந்த பிறகு தம்பி. ஊரில் அவனைச் செரியோ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. செரியோவுக்கு ஒரே மகன், அர்னெல். அவனுக்குக் கல்யாண வயது வந்திருந்தது; துடுப்பு அடுத்து அவன் கைக்குத்தான் போக வேண்டும்.

நேர்ச்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குடித்தவன் கபோகியன் அல்ல. தாத்தா தன் சொந்த அண்ணன் மகனையே அப்படி வெளியேற்றினார். அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதனால் எனக்கே அது தெரியாது.

எங்கள் பிழைப்பு சென்னாகூனி என்கிற பொடி இறால். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தள்ளுவலையை வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். கூனி எங்கே கூட்டமாக வருகிறதோ, அதைத் தின்னப் பெட்டிச்சொறி என்கிற ஜெல்லிமீனும் அங்கே வரும். கடலில் சொறி பல வகை. மற்றவை பட்டால் அரிக்கும், தடிக்கும், இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டு திரியலாம். பெட்டிச்சொறி பட்டால் திட்டுவதற்கு நேரம் இருக்காது. அதன் உடம்பு கண்ணாடி. தண்ணீரோடு தண்ணீராகத்தான் இருக்கும். அதன் அடியில் ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கும் விழுதுகளில்தான் விஷம். அதனால் ஆண்கள் பெண்டாட்டியின் பழைய நீளக் காலுறைகளை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். இடுப்பில் ஒரு புட்டி காடி தொங்கும். பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் விடக் கூடாது, முதலில் காடியை ஊற்ற வேண்டும் என்பது இங்கே மூக்கொழுகும் பிள்ளைக்கும் தெரியும்.

காடி என்பது வினிகர்தான், கள்ளிலிருந்து வருவது. கண்டல் மரப்பட்டையை இடித்துப் போடுவதால் எங்கள் பக்கத்துக் கள் சிவப்பு. அதை நாள்கணக்கில் புளிக்கவிட்டு எடுக்கும் காடியும் அதே சிவப்பு. இரண்டையும் அடைப்பது ஒரே மாதிரியான பழைய ஜின் புட்டிகளில். எங்கள் வாசலைக் கள்ளாக எதுவும் தாண்டியதில்லை. காடியாகத்தான் வந்தது. சபினா அதைச் சமையற்கட்டு ஜாடியில் வைத்திருந்து, புருஷனுக்கும் மகனுக்கும் ஆளுக்கு ஒரு புட்டி ஊற்றி ஆணியில் மாட்டி வைப்பாள்.

அன்று காலை நான் முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து இஸ்கோ கத்துவது கேட்டது. இஸ்கோ எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், செரியோவோடு சேர்ந்து வலை தள்ளுகிறவன். பெருங்குடியன், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன். நான் போனபோது செரியோ மணலில் மல்லாந்து கிடந்தான். சட்டை தண்ணீரில் மிதந்து மேலேறிய இடத்தில், வயிற்றிலும் விலாவிலும் முதுகு வரைக்கும், சாட்டையால் விளாசியது போலச் செந்நீல வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஏணிப்படிபோலக் குறுக்குக் கோடுகள். விழுதுத் துண்டுகள் இன்னும் தோலில் ஒட்டியிருந்தன. மூச்சு இல்லை. பக்கத்தில் ஒரு வெறும் புட்டி கிடந்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் மெர்லின்டா மோட்டார் சைக்கிள் வண்டியில் வந்து குதித்தாள். இஸ்கோவைத் தள்ளிவிட்டு, மண்டியிட்டு, செரியோவின் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஊத்துனீங்களா?"

"முழுப் புட்டியும் ஊத்திட்டேன். அவர் இடுப்புல இருந்ததை அவுத்துத்தான் ஊத்துனேன்."

அவள் நெடுநேரம் விடவில்லை. கை ஓய்ந்தபோது இஸ்கோ அமுக்கினான், பிறகு மறுபடியும் அவள். கடைசியில் குதிகாலில் உட்கார்ந்து, செரியோவின் நனைந்த சட்டையைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"இஸ்கோ, இது வினிகர் இல்ல."

"தெரியும்." அவன் தலை நிமிரவில்லை. "பாதி ஊத்துனப்புறம்தான் மூக்குல ஏறிச்சு. கைய நிறுத்த முடியல. அவர் கத்துன கத்து அப்படி."

"கள்ளு பட்டா ஒட்டியிருக்கிற விழுதுல மிச்சம் இருக்கிற விஷமும் சேர்ந்து இறங்கிடும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? சொல்லிச் சொல்லித் தொண்டையே போச்சு."

"உன் புட்டி எங்கடா?" என்று நான் இஸ்கோவைக் கேட்டேன்.

"என் புட்டியைக் கேக்காதீங்க மானோ." எங்கள் பக்கத்தில் மூத்த ஆணை மானோ என்றும், மூத்த பெண்ணை மானா என்றும்தான் கூப்பிடுவார்கள். "என் புட்டியில காடி இருக்கும்னு யாராவது நம்புவாங்களா? அதுக்குத்தானே நான் உங்க தம்பியோட சேர்ந்து இறங்குறது. கபோகியன் புட்டின்னா காடிதான்னு."

காடி இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று மெர்லின்டாவிடம் கேட்டேன்.

"தெரியல மானோ. இவ்வளவு பட்டிருக்கு. அப்பவும் போயிருக்கலாம். ஆனா ஒரு வழி இருந்துச்சு. இப்ப அது இல்லாமப் போச்சு."

சவப்பெட்டி வீட்டுக்கு வருவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. செரியோ செத்துப்போனான் என்பதல்ல செய்தி. செரியோவின் காடிப் புட்டியில் கள் இருந்தது என்பதுதான் செய்தி. நேர்ச்சைக்காரன் ஒளித்துக் குடித்தான், புனிதர் சொறியை அனுப்பினார் என்று முடித்துவிட்டார்கள்.

சாவு வீட்டில் வழக்கப்படி பந்தல் போட்டுச் சீட்டாட்டம் நடந்தது. நான் பின்பக்கமாக வருவதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சான் பெத்ரோவுக்கு முன்னாலயே உக்காந்து துடுப்புப் போட்டிருக்கான்யா. நெஞ்சழுத்தம் பாரு."

"முன்னால உக்காந்தா புனிதருக்கு முதுகுதானே தெரியும், வாய் எங்க தெரியும்?"

"காத்து முன்னாலருந்துதானே அடிக்குது. மூக்குக்குத் தெரிஞ்சிருக்கும்."

"டேய், மானோ துலோ வர்றார். சீட்டைக் கவுத்து."

"சீட்டை எதுக்குக் கவுக்கணும்? புட்டியைக் கவுத்துடா."

நான் அவர்களைக் கடந்து போய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டு எல்லோரும் எனக்குத் தலை வணங்கினார்கள். அப்படி வணங்குவதற்குக் காறித் துப்பியிருக்கலாம்.

மறுநாள் அமாதோ வந்தான். அந்த வருஷத் திருவிழாத் தலைவன் அவன். மூன்று படகும் மூன்று மகன்களும் உள்ளவன். முன்துடுப்பின் மேல் அவன் அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கு ஒரு கண். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"துக்க வீட்டுல இதைப் பேசக் கூடாதுதான் மானோ..."

"பேசக் கூடாதுன்னு தெரியுதில்ல, பேசாதே."

"நான் பேசல. ஊர் கேக்குது. திருவிழா வருது, நேர்ச்சை உடைஞ்சுதா இல்லையான்னு தெரியணுமில்ல?"

"ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வா. ஊரையும் கூட்டிக்கிட்டு வா. சொல்றேன்."

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது. என் தம்பி குடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அவனோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் நான். ஒளித்து வைக்கத் தெரியாத முகம் அவனுடையது.

அடக்கம் முடிந்து வந்த அன்று செரியோவின் வீட்டுச் சமையற்கட்டுக்குப் போனேன். இஸ்கோ கொண்டுவந்து வைத்த வெறும் புட்டி ஜன்னல் கட்டையில் இருந்தது. அதன் கழுத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது. ஜாடிக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி. ஒன்று காலி. மற்றதில் ஒரு புட்டி, கழுத்தில் நீல நூல். செரியோ எதற்கும் நீல நூல்தான் கட்டுவான். அவன் வலையிலும் அதுதான். அந்தப் புட்டியின் தொங்கு கயிறு அறுந்திருந்ததால், அதை ஆணிக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருந்தார்கள். எடுத்துத் திறந்தேன். கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காடி. நிறையக் காடி.

சபினா அடுப்பில் அரிசி கிளறிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்குத்தான் கயிறு அறுந்துச்சு மானோ. இப்ப யாரு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு அர்னெல்லோடதை எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனார்."

சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது. கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. அரிசி அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை இருவரும் அசையவில்லை. அவளுக்கும் அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: அவளுக்குத் தெரியும்.

அர்னெல் கொல்லையில் அப்பாவின் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"பச்சை நூல் யாருது?"

"என்னுது பெரியப்பா."

"புட்டியில என்ன இருந்துச்சு?"

அவன் என்னை நேராகப் பார்த்தான். அதை நான் மறுக்க மாட்டேன், நேராகத்தான் பார்த்தான்.

"கள்ளு."

"காடிப் புட்டியிலயா வெப்பே?"

"வேற எதுல வைக்கிறது? இந்த வீட்டுல நீங்க தலகாணிக்கு அடியில பாப்பீங்க, படகுக்கு அடியில பாப்பீங்க, வாயைக் கூட மோந்து பாப்பீங்க. காடிப் புட்டியை மட்டும்தான் யாரும் மோந்து பாக்கிறதில்ல." அவன் குரல் உடைந்தது. "இஸ்கோ மாமா இடுப்புல தொங்குறது கள்ளுன்னு ஊருக்கே தெரியும். அவர் புட்டியை நம்பி யாரும் சாக மாட்டாங்க. நம்ம புட்டியை நம்பித்தான் அப்பா செத்தார்."

"அன்னைக்கு நீ ஏன் தண்ணியில இறங்கல?"

"தலையைத் தூக்க முடியல. அப்பா எழுப்பினார். காய்ச்சல்னு சொன்னேன். நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, சரி படுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனார்."

நான் அவனை அடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அடிக்கிற வழக்கம் இல்லை.

"ஒன்பதாம் நாள் இதை எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"நீங்க சொல்லாட்டியும் சொல்லத்தான் போறேன். அப்பாவைக் குடிகாரன்னு அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு எனக்குச் சோறு இறங்கல."

"சொன்னப்புறம் நீ கபோகியன் இல்ல. தாத்தா வெச்ச சட்டம்."

"தெரியும்" என்றான். வலையை உதறிக் கொடியில் போட்டான்.

வேறு வழி இருந்ததா என்று இப்போதும் யாராவது என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். செரியோவின் பெயர் துலங்க வேண்டும். அவன் அதற்கு உரியவன். நேர்ச்சை நிற்க வேண்டும். உடைத்தவன் போக வேண்டும். துடுப்பை, தோள் வலித்தாலும், நானே பிடிப்பேன். எனக்குப் பிறகு யாரும் இல்லைதான். யாரும் இல்லாமல் முடிவது, பொய்யாகத் தொடர்வதைவிட மரியாதை.

ஜெபத்துக்கு முந்தைய நாள் மாலை சபினா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவனை வெளியே அனுப்புங்க மானோ, தாங்கிக்கிறேன். எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவான். ஆனா வாயைத் திறந்து சொல்ல வைக்காதீங்க. அப்பனைக் கொன்னவன்னு சொல்லுவாங்க. அதை அவன் எங்க கொண்டுபோய் இறக்கி வைப்பான்?"

"நடந்தது அதுதானே?"

"நடந்தது அதுதான். அதுக்காக? செரியோ மண்ணுக்குள்ள போயாச்சு. குடிகாரன்னு சொன்னா அவருக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிக்கும்."

அவள் சுவரில் தொங்கிய துடுப்பைப் பார்த்தாள். நீலமும் வெள்ளையுமாகச் சாயம் பூசி, என் அப்பாவின் கைபட்ட இடம் தேய்ந்த துடுப்பு.

"ஆமா" என்றாள். "உங்களுக்குத்தான்."

ஒன்பதாம் நாள் முற்றம் கொள்ளவில்லை. செபமாலை சொல்லவே வராதவர்களும் வந்திருந்தார்கள். செரியோவின் படம் பூவுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் மேஜையில் இருந்தது. ஜெபம் முடிந்து, இலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறும் பன்றிக்கறியும் வெளியே வருவதற்கு முன் நான் எழுந்தேன். அமாதோ முன்வரிசையில் மகன்களோடு உட்கார்ந்திருந்தான். மெர்லின்டாவும் இருந்தாள்.

"என் தம்பியைப் பத்தி ஊரே பேசுச்சு. இப்ப இந்த வீட்டுலருந்து ஒருத்தர் பேசுவாங்க. கேட்டுக்கங்க" என்று சொல்லி அர்னெல்லைப் பார்த்தேன்.

அவன் எழுந்து அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஒன்றையும் மறைக்கவில்லை. பச்சை நூல், நீல நூல், அறுந்த கயிறு, காய்ச்சல் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னான். "அந்தக் கள்ளு என்னுது. எங்கப்பா குடிச்சதே இல்ல. என்னாலதான் செத்தார்" என்று முடித்தான்.

முகங்களைப் பார்த்தேன். அதிர்ச்சியை எதிர்பார்த்திருந்தேன். அங்கே இருந்தது வேறு. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது சமையற்கட்டு வாசலிலிருந்து சபினா பேசினாள்.

"பொய் சொல்றான்."

கையில் சோற்றுத் தட்டோடு நின்றாள். தட்டு ஆடவில்லை.

"என் புருஷன் குடிப்பார். கட்டிக்கிட்ட நாள்லருந்தே குடிப்பார். புட்டியை ரொப்பிக் கொடுத்தது நான். பச்சை நூலும் அவரோடதுதான், நீல நூலும் அவரோடதுதான். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. மானோ மிரட்டுனார், அவன் சொல்றான்."

"அம்மா!"

"நீ உக்காரு."

இஸ்கோ எழுந்தான். அன்று அவன் குடிக்காமல் வந்திருந்தான்.

"மானா சபினா, இத்தனை வருஷம் அவரோட தண்ணியில நின்னிருக்கேன். குளிர்ல பல்லு அடிச்சுக்கிட்டு நிப்போம், ஒரு வாய் கேட்டதில்லையே அவர் என்கிட்ட?"

"உன்கிட்ட எதுக்குக் கேக்கணும், வீட்டுலயே இருக்கும்போது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. இஸ்கோ உட்கார்ந்துவிட்டான். என் தம்பிக்காக இந்த ஊரில் பேசிய ஒரே ஆள் ஒரு குடிகாரன்.

அமாதோ தொண்டையைச் செருமினான். "மானோ துலோ, வீட்டுக்குப் பெரியவர் நீங்க. நீங்க சொல்லுங்க. யார் சொல்றது நெசம்?"

இறந்தவனின் படத்துக்கு முன்னால், வெளியாட்கள் இருக்கும் இடத்தில், என் வீட்டு விதவையைப் பொய்க்காரி என்று சொல்லும்படி என்னை வளர்க்கவில்லை. அதை அவள் அறிவாள். அறிந்துதான் பேசினாள். சொன்னாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். எழுபது வருஷமாக நான் முதுகு வளையாமல் நடந்ததைப் பார்த்த ஊர் இது. துலோ கபோகியன் குடும்பப் பெயருக்காகத் தம்பி மகனின் கழுத்தில் எந்தப் பழியையும் மாட்டுவான் என்று அவர்கள் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. நான் சத்தியம் செய்தால், அதையும் என் பிடிவாதத்தின் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள்.

என் வீட்டுக்கு நடந்தேன். ஆணியிலிருந்து துடுப்பை எடுத்தேன். அமாதோவின் மகன் ஒருவன் பின்னாலேயே ஓடிவந்து, "குடுங்க மானோ, நான் தூக்கிக்கிறேன்" என்று கை நீட்டினான். கையைத் தட்டிவிட்டேன். நானே தூக்கி வந்து, முற்றத்தின் நடுவில், அமாதோவின் முன்னால் நீட்டினேன்.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு என் காதருகே குனிந்து, நல்ல மனதோடுதான், சொன்னான்.

"மனசுல வெச்சுக்காதீங்க மானோ. குடும்பத்துக்காகத்தானே பண்ணுனீங்க. என் வீட்டுல இப்படி ஒண்ணு நடந்திருந்தா நானும் இதைத்தான் பண்ணியிருப்பேன்."

"நீ பண்ணியிருப்பே" என்றேன்.

பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். பன்றிக்கறி நன்றாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

அர்னெல் அந்த வாரமே தக்லோபான் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். நான் அவனைப் போகச் சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் முற்றத்தில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். பாவம், பெரியப்பா மேல் அவனுக்கு இன்னும் பயம் என்றார்கள். சபினா எனக்கு எதிர்ப்பட்டால் தலை தாழ்த்தி வழிவிடுவாள். மரியாதையில் ஒருநாளும் குறை வைக்கவில்லை. அந்த வீட்டில் நான் அதன் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஞாயிறுதோறும் அவள் செரியோவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். அங்கே அவனிடம் என்ன சொல்வாள் என்று நான் யோசித்ததுண்டு. அவள் அடக்கத்துக்கு வந்த அர்னெல் குழிமேட்டில் என் பக்கத்தில் நின்றான்.

"நீங்களாவது நம்புறீங்கல்ல பெரியப்பா?"

"நம்புறேன்."

"ஊர்ல ரெண்டு பேரு" என்றான். மறுநாள் விடியற்காலை லாரியில் ஏறிப் போய்விட்டான்.

செரியோ செத்த பிறகு மெர்லின்டா ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். தண்ணீரில் இறங்கும் முன் ஒவ்வொருவனும் தன் புட்டியைத் திறந்து, பக்கத்து ஆளின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட வேண்டும். அவன் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தால்தான் இறங்கலாம். சுளிக்கவில்லை என்றால் ஊர்ச் சிரிப்பு. திரும்பிப் போய்க் காடி எடுத்து வர வேண்டும். அதற்கு அவள் ஒரு பெயரும் வைக்கவில்லை. ஊர் வைத்துக்கொண்டது.

இந்தப் பருவத்தில் அமாதோவின் மருமகளைப் பெட்டிச்சொறி சுற்றியது. இரண்டு காலிலும் வரி. கூட இருந்தவளின் புட்டியில் காடி காடியாகவே இருந்தது. ஊற்றினார்கள், ஒட்டியிருந்ததைத் தேய்க்காமல் எடுத்தார்கள், மயங்கியவளின் நெஞ்சை ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றி அமுக்கினார்கள். பிழைத்துக்கொண்டாள். அமாதோ ஒரு தட்டில் இனிப்பு அரிசிப் பலகாரம் எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"உங்க தம்பி புண்ணியம் மானோ. அவர் அப்படிக் குடிச்சு வைக்கலேன்னா இந்தப் பழக்கம் வந்திருக்குமா? என் மருமக இருந்திருப்பாளா?"

"என் தம்பி குடிக்கல."

"சரி விடுங்க மானோ. மானா சபினாவும் போய்ச் சேந்துட்டாங்க. இன்னும் எதுக்கு?"

"என் தம்பி குடிக்கல, அமாதோ."

அவன் என் தோளைத் தட்டினான். என் அப்பாவுக்குப் பிறகு என் தோளை யாரும் தட்டியதில்லை. பலகாரத் தட்டைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனான். கோழிக்குப் போட்டேன்.

என் முற்றத்திலிருந்து கரை கூப்பிடு தூரம்தான். கூனி ஓடும் காலத்தில், விடிந்தும் விடியாமலும், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் கூவிக் கேட்பது தெளிவாகக் காதில் விழும். ஆண்களும் கேட்பார்கள், பெண்களும் கேட்பார்கள். நேற்றுப் பிறந்ததுகளும், அந்தப் பெயரில் ஓர் ஆள் இருந்தான் என்று அறியாமலே கேட்கும்.

"செரியோ பாத்தாச்சா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. புளிக்குது."

காதைப் பொத்திக்கொள்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.